டோர் ரிலே நடத்தத் தொடங்குவது: வீட்டிலா, வாடகைச் சர்வரிலா, எந்த வகை?

வைகைக்கரை, 11 ஆகஸ்ட் 2024

வணக்கம். மதுரையில் ஓர் அச்சகத்தின் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ் ஓரளவு பழக்கம். ஆனால் வெளியுலகுக்குத் திறந்திருக்கும் சர்வர் எதையும் இதுவரை நடத்தியதில்லை. இணையத்தில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்கும் டோர் வலையமைப்புக்கு ஒரு ரிலே, அதாவது பிறரின் போக்குவரத்தை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் சர்வர், நடத்த விரும்புகிறேன்.

2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் சமூக ஊடகங்களை முடக்கியபோது, வவுனியாவில் இருக்கும் அத்தை வீட்டாரோடு பேச வழியில்லாமல் பல மணி நேரம் தவித்தோம். கடைசியில் அத்தை மகன் ஏதோ ஒரு விபிஎன் செயலியை நிறுவிக்கொண்டு அழைத்தான். அந்தச் செயலியை நடத்துவது யார், அவன் எங்கெங்கே போனான் என்பது யாருக்கெல்லாம் தெரிந்தது என்று பிறகு யோசித்தபோது எனக்கு விடை கிடைக்கவில்லை. ஒரே நிறுவனத்தை முழுவதும் நம்ப வேண்டியிராத ஏற்பாடு உண்டா என்று தேடித்தான் டோருக்கு வந்து சேர்ந்தேன்.

வீட்டில் 150 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பும், சும்மா கிடக்கும் பழைய கணினி ஒன்றும் இருக்கின்றன. வெளியேறும் ரிலேக்களுக்குத்தான் எப்போதும் பற்றாக்குறை என்று படித்தேன். ஆகவே அதையே வீட்டில் தொடங்கிவிடலாமா?

மூன்றாம்சுற்று, 11 ஆகஸ்ட் 2024

ரிலே நடத்துங்கள், ஆனால் வெளியேறும் ரிலேயை வீட்டில் வைக்காதீர்கள்.

டோர் வழியாக ஒருவர் ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அவருடைய தரவு மூன்று ரிலேக்களைக் கடக்கிறது. முதலில் வரும் காவல் ரிலேக்குப் பயனரின் ஐபி முகவரி தெரியும், அவர் போகும் இடம் தெரியாது. நடு ரிலேக்குத் தனக்கு முன்னும் பின்னும் உள்ள ரிலேக்கள் மட்டுமே தெரியும். வெளியேறும் ரிலேக்குச் சேரிடம் தெரியும், கிளம்பியவர் யார் என்பது தெரியாது. ஒவ்வொன்றும் தனக்குரிய ஓர் உறையை மட்டும் உரித்துவிட்டு மிச்சத்தை அடுத்ததிடம் ஒப்படைக்கிறது. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இந்த முறையை உருவாக்கியவர்கள் வெங்காயத்தின் பெயரை வைத்தது அதனால்தான்.

சேர்ந்த இடத்துப் பதிவேட்டில் விழுவது வெளியேறும் ரிலேயின் ஐபி முகவரி. யாரோ ஒருவர் மிரட்டல் எழுதினாலும், கடவுச்சொற்களைத் திருட முயன்றாலும், விசாரிக்க வருபவர் முதலில் கண்டுபிடிப்பது அந்த முகவரிக்குரிய இணைப்பின் சந்தாதாரரை. மாஸ்கோவில் கணித ஆசிரியராக இருந்த டிமித்ரி பகதோவ் 2017 ஏப்ரலில் கைதானது இப்படித்தான். தம் இணைப்பில் வெளியேறும் ரிலே நடத்தி வந்த அவர், தாம் எழுதாத இடுகைகளுக்காகச் சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்தார். குற்றச்சாட்டைக் கைவிட 2018 வரை ஆயிற்று.

உங்கள் வீட்டில் பெற்றோரோ பிள்ளைகளோ இருந்தால் அந்தக் காலை நேரக் கதவுத் தட்டலை அவர்களும் சேர்ந்துதான் எதிர்கொள்ள வேண்டும். நடு ரிலேயில் தொடங்குங்கள். நான் 2017 முதல் இரண்டு நடு ரிலேக்கள் நடத்துகிறேன். இன்றுவரை எந்தக் காவலரிடமும் பேச நேர்ந்ததில்லை.

உப்பாறு, 12 ஆகஸ்ட் 2024

திருச்சிப் பக்கம் ஒரு கேபிள் இணைய நிறுவனத்தில் வலையமைப்புப் பணியில் இருக்கிறேன். மேலே உள்ளவர் சொன்னதற்கு முன்பே ஒரு கேள்வி நிற்கிறது: உங்கள் வீட்டு இணைப்புக்குச் சொந்தமாகப் பொது ஐபி முகவரி இருக்கிறதா?

நம் ஊர் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. ஐபிவி4 முகவரிகள் போதாததால், நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்திவைக்கிறோம்; எங்கள் மொழியில் அதற்கு சிஜிநாட் என்று பெயர். அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே கதவு எண் மட்டும் இருந்தால் தபால்காரர் உங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பார்? உங்கள் ரிலேயைத் தேடி வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கும் அதே கதிதான். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். மாதக் கட்டணம் கூடுதலாகக் கொடுத்து நிலையான ஐபி வாங்கலாம்.

வாங்கினாலும் அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. 'வரம்பற்றது' என்று விளம்பரப்படுத்தும் திட்டங்களில் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு சிறிய எழுத்தில் இருக்கும். டோர் திட்டம் ரிலேக்குக் கேட்கும் குறைந்தபட்ச வேகம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் தலா 10 எம்பிபிஎஸ். 16 இருந்தால் நல்லது என்கிறார்கள். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் 30 நாள் இடைவிடாமல் ஓடினால் ஒரு திசைக்கு 3.24 டிபி, இரு திசைக்கும் சேர்த்து ஏறக்குறைய 6.5 டிபி. இருபதாம் தேதிக்குள் உங்கள் வீட்டில் படம் பார்ப்பவர்கள் உங்களைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னொன்றைப் பலரும் அனுபவப்பட்டே தெரிந்துகொள்கிறார்கள். ரிலேக்களின் பட்டியல் பொதுவில் கிடைப்பது. அது ரகசியமாக இருக்க முடியாது, ஏனெனில் பயனரின் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. சில வங்கித் தளங்களும் படத் தளங்களும், வெளியேறும் ரிலேயா நடு ரிலேயா என்று பிரித்துப் பார்க்காமல், அந்தப் பட்டியலிலுள்ள முகவரிகள் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. நான் வீட்டில் நடு ரிலே வைத்திருந்த மூன்று மாதங்களில் மின்கட்டணம் செலுத்துவதற்குக்கூடக் கைப்பேசி இணைப்புக்கு மாற வேண்டியிருந்தது.

ஐயப்பாடு, 12 ஆகஸ்ட் 2024

எல்லோரும் 'எப்படி' என்று பேசுகிறீர்கள். 'ஏன்' என்பதையும் ஒருவர் கேட்க வேண்டும். போதைப்பொருள் சந்தையும், அதைவிடக் கொடியவையும் இதே வலையமைப்பில் நடந்திருக்கின்றன. அத்தை மகனுக்கு உதவ நினைத்து நான் திறந்துவைக்கும் வழியில் யார் போகிறார்கள் என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் இந்த அமைப்பின் பெருமை என்றும் சொல்கிறீர்கள். மனச்சாட்சியோடு இதை எப்படி நடத்துகிறீர்கள் என்று மூன்றாம்சுற்று அவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மூன்றாம்சுற்று, 13 ஆகஸ்ட் 2024

என் ரிலே வழியாகத் தீயது எதுவும் போகவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முடியாது. பத்திரிகையாளருக்கு ஆவணம் அனுப்புபவரும், கணவரிடமிருந்து தப்பி ஒளிந்திருப்பவரும், திருடனும் எனக்கு ஒரே அளவுள்ள மறையாக்கப்பட்ட துண்டுகளாகவே வந்து போகிறார்கள்.

நான் எனக்குள் போட்டுக்கொண்ட கணக்கு இது. குற்றத்தைத் தொழிலாக வைத்திருப்பவருக்குத் திருடிய கணினிகளும் திருடிய சிம் அட்டைகளும் கிடைக்கும். டோர் நாளை மூடப்பட்டாலும் அவருக்கு வேறு வழி இருக்கும். சட்டத்தை மீறாமல் மறைந்திருக்க விரும்புபவருக்கு அந்த வழிகள் இல்லை. டோரில் போதைப்பொருள் விற்ற சில்க் ரோடு சந்தையை நடத்தியவர் 2013-ல் பிடிபட்டதற்கு அவர் தொடக்க நாட்களில் விட்ட தடயங்களும் வழக்கமான துப்பறிதலும் உதவின. அதற்காக யாரும் வலையமைப்பை மூட வேண்டியிருக்கவில்லை. இந்தக் கணக்கு உங்களுக்கு ஒப்பாமல் போகலாம். அப்படியானால் ரிலே நடத்தாமல் இருப்பதும் நேர்மையான முடிவுதான். அரைமனதோடு தொடங்கி முதல் புகாரில் அணைத்துவிடுவதைவிட அது மேல்.

சட்டக்குறிப்பு, 14 ஆகஸ்ட் 2024

சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். கீழே எழுதுவது பொதுவான விளக்கம். யாருக்கும் தனிப்பட்ட ஆலோசனை அல்ல.

டோர் ரிலேயைப் பெயர் சொல்லித் தடைசெய்யும் இந்தியச் சட்டப் பிரிவு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுகளைப் படிக்காமல் இந்தியாவில் இருக்கும் சர்வரில் எதையும் தொடங்காதீர்கள். சேவை வழங்குநர்கள், இடைநிலையாளர்கள், தரவு மையங்கள், நிறுவனங்கள் ஆகியோர் தங்கள் அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது அது. வாடகைச் சர்வர் தருவோரும் விபிஎன் நடத்துவோரும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, பயன்படுத்திய ஐபி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதற்காகவே அந்த ஆண்டில் சில பெரிய விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. சம்பளமோ சந்தாவோ வாங்காமல் ரிலே நடத்தும் தனிமனிதர் இந்த வரையறைகளுக்குள் வருவாரா என்பதில் இரு பக்கமும் வாதிட இடமிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இடைநிலையாளருக்குத் தரும் பாதுகாப்பைத் தன்னார்வலர் ஒருவர் கோரினாலும், அதற்குரிய கடமைகளை நிறைவேற்றினீர்களா என்ற கேள்வி கூடவே வரும்.

பதிவு எதையும் வைத்திருக்காமல் இருப்பது ரிலேயின் இயல்பு. பதிவு வைத்திருக்கச் சொல்வது உத்தரவின் இயல்பு. இந்த முரணை உங்கள் வீட்டு இணைப்பில் வைத்துச் சோதிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நிலாச்சோறு, 15 ஆகஸ்ட் 2024

ஜெர்மனியில் வசிக்கிறேன். வைகைக்கரை தம்பி வீட்டிலிருந்தே ஏதாவது செய்ய விரும்பினால் ஸ்னோஃபிளேக் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

டோரையே தடுத்துவைத்திருக்கும் நாடுகளில் பயனர்களால் பொதுப் பட்டியலில் உள்ள ரிலே எதையும் தொட முடியாது. அவர்களுக்காகப் பட்டியலில் இடம்பெறாத ரிலேக்கள் இருக்கின்றன, பாலங்கள் என்று பெயர். ஸ்னோஃபிளேக்கில், உங்கள் பிரவுசரில் சேர்த்த ஒரு சிறு நீட்சி அந்தப் பயனருக்கும் பாலத்துக்கும் நடுவே தற்காலிகத் தோணியாகிறது. காணொளி அழைப்புகளுக்குப் பயன்படும் அதே தொழில்நுட்பத்தில் ஓடுவதால் தடுப்பவருக்கு அதைப் பிரித்தறிவது கடினம். சிஜிநாட்டுக்குப் பின்னாலும் இது வேலை செய்யும். அவர் சென்று சேரும் தளத்தில் உங்கள் முகவரி தெரியாது. அங்கே தெரிவது வழக்கம்போல வெளியேறும் ரிலேயின் முகவரிதான். 2021 டிசம்பரில் ரஷ்யா டோரைத் தடுக்கத் தொடங்கியபோதும், 2022 செப்டம்பரில் மஹ்சா அமினியின் மரணத்துக்குப் பின் ஈரானில் எழுந்த போராட்டங்களின்போதும் மக்கள் இதைத்தான் பெருமளவில் பயன்படுத்தினார்கள்.

அத்தை வீட்டுக் கதைக்கு நேராகப் பொருந்துவதும் இதுதான். அன்று இலங்கையில் தடுக்கப்பட்டவை சில தளங்கள் மட்டுமே, இணையம் ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தையே முழுதாக வெட்டிவிட்டால் ரிலேயும் உதவாது, பாலமும் உதவாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் ரிலே நடத்தியே தீர வேண்டும் என்றால் தனியாக நடத்தாதீர்கள். பிரான்சில் நோஸ் ஓன்யோன், ஸ்வீடனில் டிஎஃப்ஆர்ஐ, இங்கே ஸ்வீபல்ஃப்ரொயண்டே என்று பதிவுபெற்ற சங்கங்கள் அதற்கென்றே இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் லெபனான் ஊரில் உள்ள கில்டன் நூலகம் 2015-ல் ரிலே தொடங்கியது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தகவல் உள்ளூர்க் காவல்துறை வழியாக வந்ததும் அதை நிறுத்தியது. செப்டம்பரில் பொதுமக்கள் முன்னிலையில் நூலகக் குழு கூடிப் பேசி மீண்டும் இயக்கியது. ஒரு நிறுவனத்தின் முதுகு இருந்ததால்தான் அது முடிந்தது.

உப்பாறு, 15 ஆகஸ்ட் 2024

வெளியேறும் ரிலே பற்றி இன்னும் ஒன்று. அங்கே கடைசி உறையும் உரிந்துவிடுவதால், தளம் தன் பங்குக்கு மறையாக்கும் எச்டிடிபிஎஸ் முறையைப் பயன்படுத்தாவிட்டால் உள்ளடக்கம் வெளிப்படையாகத் தெரியும். 2007-ல் டான் எகெர்ஸ்டாட் என்ற ஸ்வீடன்காரர் சில வெளியேறும் ரிலேக்களை நடத்தி, அவற்றைக் கடந்து போனவற்றைப் பார்த்தே தூதரகங்கள் உள்ளிட்ட 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். அவற்றில் இந்தியத் தூதரகங்களும் இருந்தன. ரிலே நடத்துபவர் நல்லவராக இருப்பார் என்று நம்பி இந்த வலையமைப்பு கட்டப்படவில்லை. எந்த ஒருவராலும் இரு முனையையும் பார்க்க முடியாது என்பதை நம்பிக் கட்டப்பட்டது. ஆகவே நீங்கள் சேர்க்கும் ரிலே வேறு ரிலேக்கள் குவிந்திராத ஓர் இடத்தில் இருப்பது அதன் வேகத்தைவிட முக்கியம்.

வைகைக்கரை, 17 ஆகஸ்ட் 2024

எல்லோருக்கும் நன்றி. ரவுட்டரைப் பார்த்தேன், முகவரி 100.72 என்று தொடங்குகிறது. கதை அங்கேயே முடிந்தது. வீட்டுக் கணினியில் ஸ்னோஃபிளேக் நீட்சியைச் சேர்த்துவிட்டேன். நடு ரிலேக்கு வெளிநாட்டில் ஒரு வாடகைச் சர்வர் எடுக்கலாம் என்றிருக்கிறேன். மாதம் 5 யூரோ அளவில் 1 ஜிபி நினைவகமும் 20 டிபி போக்குவரத்தும் தருகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியவை என்ன?

மூன்றாம்சுற்று, 17 ஆகஸ்ட் 2024

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். 'வெளியேறாத டோர் ரிலே நடத்த அனுமதி உண்டா, 20 டிபி என்பது வெளியே போவதற்கு மட்டுமா, இரு திசைக்கும் சேர்த்தா' என்ற இரண்டே கேள்விகள் போதும். ரிலே ஒரு தரவுத் துண்டை வாங்கி அதே துண்டை வெளியே அனுப்புவதால், இரு திசையையும் எண்ணும் நிறுவனத்தில் உங்கள் ஒதுக்கீடு பாதியாகிவிடும். 40 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஒரு திசையில் மாதம் ஏறத்தாழ 13 டிபி. வெளியே போவதை மட்டும் எண்ணினால் 20-க்குள் அடங்கும், இரண்டையும் எண்ணினால் அடங்காது. 25 எம்பிபிஎஸ் என்றால் இரு திசைக்கும் சேர்த்து 16 டிபி சொச்சம்தான், நிம்மதியாக இருக்கலாம். நினைவகத்தைப் பொறுத்தவரை 40 எம்பிபிஎஸ் வரை 512 எம்பியே போதும் என்பது டோர் திட்டத்தின் கணக்கு.

ஓவிஎச், ஹெட்ஸ்னர் போன்ற பெரிய நிறுவனங்களின் வலையமைப்பில் ஏற்கெனவே ஏராளமான ரிலேக்கள் குவிந்திருக்கின்றன. அவற்றின் தரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே கட்டடத்தில் பாதி ரிலேக்கள் இருந்தால், அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று பார்ப்பவருக்குப் பாதையின் இரு முனைகளும் தெரிந்துவிடும் வாய்ப்பு கூடுகிறது. உப்பாறு சொன்னது இதைத்தான். கொஞ்சம் தேடிப் பெயர் கேள்விப்படாத சிறு நிறுவனத்தைப் பிடியுங்கள்.

நிறுவுவது உண்மையில் அரைமணி நேர வேலை. டெபியன் லினக்ஸ் போட்டு, டோர் திட்டத்தின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து அதிலிருந்து நிறுவுங்கள். டெபியனின் களஞ்சியத்தில் இருப்பது பழையதாகிவிடலாம். தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கிவிடுங்கள், ஏனெனில் மறக்கப்பட்ட பழைய ரிலே வலையமைப்புக்குச் சுமை. அமைப்புக் கோப்பில் ரிலேக்கு ஒரு பெயர், தொடர்பு மின்னஞ்சல், மற்றவர்கள் ரிலேயோடு இணையும் வாசலான ஓஆர்போர்ட்டின் எண், வேக வரம்பு ஆகியவற்றை எழுதி, எக்ஸிட்ரிலே என்பதற்கு நேரே 0 என்று போட வேண்டும். அந்தச் சர்வரிலிருந்தே டோரைப் பயன்படுத்துவதற்கான சாக்ஸ்போர்ட்டுக்கும் 0 போட்டுவிடலாம். ஓஆர்போர்ட்டுக்கு 443 கிடைத்தால் அதைக் கொடுங்கள்; அலுவலகத் தடுப்புகளுக்குள் இருப்பவர்களுக்கும் அந்த வாசல் பெரும்பாலும் திறந்திருக்கும்.

தொடர்பு மின்னஞ்சலைக் காலியாக விடாதீர்கள். உங்களுடைய தனிப்பட்ட முகவரி வேண்டாம். இதற்கென்று ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது பொதுவில் தெரியும். 2014-ல் ஜனவரி 30 அன்று சேர்ந்த 115 ரிலேக்கள், பயனர்களை அடையாளம் காணும் தாக்குதலில் ஈடுபட்டதாகக் கண்டுபிடிக்கப்பட்டு ஜூலை 4 அன்று நீக்கப்பட்டன. அதற்குப் பிறகு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத ரிலே கூட்டங்களை எல்லோரும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

ஐயப்பாடு, 18 ஆகஸ்ட் 2024

வேக வரம்பு வைப்பதற்குப் பதிலாக மாத ஒதுக்கீடு தீர்ந்ததும் தூங்கிவிடும்படி வைக்கும் வசதியும் இருக்கிறதே? (நான் இன்னும் உங்கள் பக்கம் வந்துவிடவில்லை, கையேட்டைப் படித்தேன், அவ்வளவுதான்.)

மூன்றாம்சுற்று, 18 ஆகஸ்ட் 2024

இருக்கிறது. எப்போதும் விழித்திருக்கும் ஆமையைவிட, விழித்திருக்கும் நேரத்தில் விரைந்து ஓடும் ரிலே பயனருக்கு நல்லது என்பதே கையேட்டின் வாதம். வரம்பை 10 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்க வேண்டிய நிலை வந்தால் அதைச் செய்யலாம். 25 எம்பிபிஎஸ் தொடர்ந்து தர முடிகிற இவருக்குத் தேவையில்லை. தூங்கித் தூங்கி எழும் ரிலேக்குக் காவல் பணி கிடைப்பது அரிது.

வைகைக்கரை, 1 செப்டம்பர் 2024

ஆகஸ்ட் 24 அன்று ரிலேயை இயக்கினேன். எட்டு நாள் ஆகிறது. பட்டியலில் பெயர் வந்துவிட்டது, ஆனால் போக்குவரத்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் வினாடிக்குச் சில கிலோபைட். இப்போதும் 25 எம்பிபிஎஸ்ஸில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தீயரணைத் திருத்தினேன், டோரை நான்கு முறை மறுதொடக்கம் செய்தேன், ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவவும் கை போயிற்று. எங்கே தவறு?

மூன்றாம்சுற்று, 1 செப்டம்பர் 2024

மறுதொடக்கம் செய்த நான்கு முறைதான் தவறு. மற்றபடி எல்லாம் சரி. அழித்து நிறுவியிருந்தால் ரிலேயின் அடையாளத் திறவுகோலும் போய், மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கியிருப்பீர்கள்.

ஒரு புதிய ரிலே 'நான் இவ்வளவு தாங்குவேன்' என்று சொல்வதை யாரும் நம்புவதில்லை. பட்டியலை நிர்ணயிக்கும் அதிகாரச் சர்வர்கள் ஏறத்தாழ 9 இருக்கின்றன. மணிக்கு ஒருமுறை வாக்களித்து ஒருமித்த பட்டியலை வெளியிடுகின்றன. அவற்றில் சில, தனி அளவீட்டுக் கருவிகளால் ஒவ்வொரு ரிலேயையும் சோதிக்கின்றன. குறைந்தது மூன்று அளவீடுகள் சேரும்வரை உங்கள் ரிலே மிகச் சிறிய எடையோடுதான் நிற்கும். அந்தச் சில நாட்களைப் பொறுமையாகக் கடந்தால் நடு ரிலேக்கான போக்குவரத்து ஏறத் தொடங்கும்.

நன்றாக ஓடும் நடு ரிலேக்குப் பட்டியலில் 'இது காவலுக்கும் ஏற்றது' என்ற குறி கிடைக்கும்; அந்தக் காவல் கொடிக்கு எட்டு நாளாவது பழகிய முகமாக இருக்க வேண்டும்; நிலையாக ஓடியிருக்க வேண்டும்; வினாடிக்கு 2 மெகாபைட் அளவு தாங்க வேண்டும், அல்லது வேகத்தில் முதல் கால்பங்குக்குள் வர வேண்டும். கொடி கிடைத்த உடனே போக்குவரத்து அதிகரிக்காது, குறையும். பயந்துவிடாதீர்கள். 'இது இனிமேல் காவலுக்கு' என்று மற்றவர்கள் நடுப் பாதையில் உங்களைத் தேர்ந்தெடுப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் பயனரின் மென்பொருள் ஒரு காவல் ரிலேயைப் பிடித்தால் மாதக்கணக்கில் விடாது என்பதால், புதிய காவலரிடம் ஆட்கள் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்வார்கள். நிரம்ப இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பாறு, 2 செப்டம்பர் 2024

அதுவரை செய்ய வேண்டியது: திறவுகோல்கள் இருக்கும் கோப்புறையை நகலெடுத்து, மறையாக்கி, வீட்டில் வையுங்கள். சர்வரின் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தச் சன்னலை மூடிவிட்டு அச்சகத்து வேலையைப் பாருங்கள்.

வைகைக்கரை, 12 அக்டோபர் 2024

செப்டம்பர் 23 அன்று காவல் கொடி கிடைத்தது. சொன்னபடியே போக்குவரத்து விழுந்தது, இப்போது மீண்டும் ஏறுகிறது. ஆனால் இன்று ஒரு கோமாளித்தனத்தைக் கண்டுபிடித்தேன். வேக வரம்பில் 25 மெகாபிட் என்று எழுத வேண்டிய இடத்தில் 25 மெகாபைட் என்று எழுதியிருக்கிறேன். எட்டு மடங்கு. ஏழு வாரமாக யாருக்கும் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், அந்த வரம்பைத் தொடும் அளவுக்குப் போக்குவரத்தே வராததுதான். மறுதொடக்கம் செய்யப் பயமாக இருந்ததால் கேட்கிறேன்.

உப்பாறு, 12 அக்டோபர் 2024

கோப்பைத் திருத்திவிட்டு மறுதொடக்கத்துக்குப் பதிலாக மறுவாசிப்புக் கட்டளை கொடுங்கள். இருக்கும் இணைப்புகள் அறுபடாது. பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே உண்டு, அதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டாம்.

வைகைக்கரை, 30 அக்டோபர் 2024

நேற்று இரவு சர்வர் நிறுவனத்திலிருந்து புகார்க் கடிதம் வந்திருக்கிறது. என் முகவரியிலிருந்து யாருடைய சர்வர்களிலோ, தொலைவிலிருந்து உள்ளே நுழையப் பயன்படும் 22-ஆம் போர்ட்டைத் துழாவினார்களாம். 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் சர்வரை முடக்குவார்களாம். என்னுடையது நடு ரிலே, வெளியே எதுவும் போக வழியே இல்லை. உள்ளே யாராவது புகுந்துவிட்டார்களா? இரவிலிருந்து வேறு எதையும் செய்ய முடியவில்லை.

மூன்றாம்சுற்று, 30 அக்டோபர் 2024

எனக்கும் இந்த வாரம் இரண்டு வந்திருக்கின்றன. பல நாடுகளில் ரிலே நடத்துபவர்களுக்கு இதே புகார் போயிருக்கிறது. யாரோ ஒருவர் அனுப்புநர் முகவரியில் டோர் ரிலேக்களின் முகவரிகளைப் பொய்யாகப் போட்டு இணைப்புக் கோரிக்கைகளைத் தூவிக்கொண்டிருக்கிறார். வாங்கியவரின் தானியங்கிப் புகார் உங்கள் நிறுவனத்துக்குப் போகிறது. பின்பக்கத்தில் வேறொருவர் முகவரியை எழுதி மொட்டைக் கடிதம் போடுவது போலத்தான்.

ஆனாலும் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சர்வரிலிருந்து 22-ஆம் போர்ட்டுக்கு வெளியே போகும் பொட்டலங்களைச் சிறிது நேரம் டிசிபிடம்ப் என்ற கருவியை வைத்துப் பாருங்கள். அந்த போர்ட்டில் இயங்கும் ரிலே ஏதும் இருந்தால் ஒன்றிரண்டு தென்படலாம். புகாரில் உள்ள முகவரிகளுக்கு எதுவும் போகவில்லை என்றால் விஷயம் தெளிவு. அதைக் குறிப்பிட்டு, முகவரி பொய்யாக்கப்பட்டிருக்கிறது என்று பணிவாகவும் சுருக்கமாகவும் எழுதுங்கள். கோபப்பட்டு எழுதினால் படிப்பவர் உங்கள் சர்வரை மூடிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அவருக்கு ஒரு நாளில் இதுபோல நூறு வரும்.

சட்டக்குறிப்பு, 30 அக்டோபர் 2024

வந்த கடிதம், அனுப்பிய பதில், பார்த்த நேரம், கண்டது என்ன என்ற நான்கையும் தேதியிட்டு ஒரே கோப்பில் சேர்த்துவையுங்கள். பிற்பாடு யார் கேட்டாலும் அதுதான் பேசும்.

வைகைக்கரை, 9 நவம்பர் 2024

நிறுவனம் என் விளக்கத்தை ஏற்றுப் புகாரை முடித்துவிட்டது. நவம்பர் 7 அன்று அந்தப் பொய்ப் பொட்டலங்கள் கிளம்பிய இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டதாக டோர் திட்டமும் அறிவித்திருக்கிறது. ஆனாலும் இந்த நிறுவனம் வரும் மாதத்திலிருந்து இரு திசைப் போக்குவரத்தையும் எண்ணப்போவதாக எழுதியிருக்கிறது. எனவே வேறு இடம் பார்த்துவிட்டேன். கொடி போகாமல் மாற்ற முடியுமா?

ஐயப்பாடு அவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இரவில் நீங்கள் கேட்ட கேள்விதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிடலாம் என்று கட்டளையைத் தட்டச்சு செய்தும் வைத்திருந்தேன். என்டர் அழுத்தவில்லை.

உப்பாறு, 9 நவம்பர் 2024

கொடிக்கு உத்தரவாதம் தர முடியாது, அடையாளத்தைக் காப்பாற்றலாம். புதிய சர்வரில் டோரை நிறுவி, இயங்கவிடாமல் நிறுத்திவையுங்கள். பழையதில் டோரை நிறுத்துங்கள். திறவுகோல் கோப்புறையைப் பழையதிலிருந்து புதியதற்கு நகலெடுத்து, கோப்புகளின் உரிமையாளர் டோருக்குரிய பயனராக இருக்கிறதா என்று சரிபாருங்கள். முக்கால்வாசிப் பேருக்கு அங்கேதான் இடறும். அமைப்புக் கோப்பில் முகவரி ஏதேனும் கைப்பட எழுதியிருந்தால் மாற்றிவிட்டு இயக்குங்கள். ஒரே அடையாளத்தோடு இரண்டும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. ஆகவே பழைய சர்வரில் தானாகத் தொடங்கும் அமைப்பையும் முடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பராமரிப்புக்காக அதை மறுதொடக்கம் செய்யும் நாளில் வம்பு வரும்.

ஐயப்பாடு, 10 நவம்பர் 2024

என் கேள்விக்கு இன்னும் எனக்கே பதில் இல்லை. ஆனால் வீட்டுப் பிரவுசரில் ஸ்னோஃபிளேக் நீட்சியைப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. இணைப்பின் வகை 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று காட்டுகிறது. அதனால் பயன் உண்டா?

நிலாச்சோறு, 10 நவம்பர் 2024

உண்டு. உங்கள் வகைத் தோணி எல்லாப் பயனருக்கும் பொருந்தாது, கட்டுப்பாடு குறைந்த இணைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும். அப்படிப்பட்டவர்களை உங்களிடமும், மற்றவர்களைப் பொது முகவரி உள்ளவர்களிடமும் நடுவில் இருக்கும் தரகுச் சர்வர் அனுப்பிவைக்கிறது. பிரவுசரைத் திறந்து வைத்திருந்தால் போதும்.

வைகைக்கரை, 23 நவம்பர் 2024

மாற்றிவிட்டேன். உரிமையாளர் விஷயத்தில் நானும் இடறினேன். பதிவில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்ததும் உப்பாறு அவர்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. சில மணி நேரத்தில் அதே அடையாளக் கைரேகையோடு புதிய முகவரி பட்டியலில் தெரிந்தது. பழைய சர்வரின் வாடகை இம்மாதக் கடைசியோடு முடிகிறது.